லேபிள் பிணைப்புகளைப் படிப்பது எப்படி

எம்பிஎல்எஸ் நெட்வொர்க்கில் புதிதாகக் கை வைப்பவரைத் தடுமாற வைப்பது பெரும்பாலும் ஒரே விஷயம்தான். ஒரே சேருமிடத்துக்கு ஒரு ரவுட்டர் 19 என்கிறது, அடுத்தது 22 என்கிறது, அதற்கடுத்தது 24 என்கிறது. எது சரி? மூன்றும் சரி. லேபிள், ஐபி முகவரியைப் போல நெட்வொர்க் முழுவதற்கும் பொதுவான எண் அல்ல. அதைக் கொடுத்த ரவுட்டரின் வாசலில் மட்டுமே அதற்குப் பொருள் உண்டு.

கோயில் வாசலில் செருப்பை விட்டால் டோக்கன் தருவார்கள். அந்த 47ஆம் எண் டோக்கனை அடுத்த கோபுர வாசல் கடையில் நீட்டினால் வேறு யாருடைய செருப்போ வரும். டோக்கனைக் கொடுப்பவரும் கடைக்காரர், திரும்ப வாங்கிப் பார்ப்பவரும் அவரே. ஆகவே எண் அவருக்கு விளங்கினால் போதும். லேபிளும் இப்படித்தான். எந்த ரவுட்டர் அந்த எண்ணைப் படிக்கப்போகிறதோ, அதுவேதான் அதை ஒதுக்கித் தருகிறது. பாக்கெட்டை அனுப்பும் ரவுட்டர் தான் கேட்டறிந்த எண்ணை ஒட்டி அனுப்புகிறது, அவ்வளவுதான்.

களத்தில் எல்லாரும் பைண்டிங் என்று சொல்லும் லேபிள் பிணைப்பு, ஒரு ரவுட்டர் தன் அண்டை ரவுட்டர்களுக்குக் கொடுக்கும் வாக்கு. "இந்த ப்ரிஃபிக்ஸுக்குப் போகிற பாக்கெட்டை என்னிடம் தருவதானால் மேலே இந்த எண்ணை ஒட்டித் தா, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பதே அந்த வாக்கு. அட்டவணை எதைத் திறந்தாலும் முதலில் கேட்க வேண்டியது, இந்த எண்ணை யார் யாருக்குச் சொன்னது என்பது. இந்த அத்தியாயம் முழுவதும் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே போகப்போகிறோம்.

எண்ணைப் பற்றிக் கொஞ்சம்

லேபிள் தலைப்பு மொத்தம் 32 பிட், அதாவது 4 பைட். அதில் 20 பிட் லேபிளுக்கு. 3 பிட் போக்குவரத்து வகைக்கு. பழைய நூல்களில் இதை எக்ஸ்ப் என்று காண்பீர்கள், 2009இல் டிராஃபிக் கிளாஸ் என்று பெயர் மாற்றினார்கள். 1 பிட் 'இதுதான் அடுக்கின் அடிமட்டம்' என்று காட்ட, 8 பிட் டிடிஎல்லுக்கு. 20 பிட் என்பதால் 0 முதல் 1048575 வரை எண்கள் கிடைக்கும். அதில் 0 முதல் 15 வரை தனி வேலைகளுக்கு ஒதுக்கப்பட்டவை. நமக்கு இப்போது இரண்டே போதும். 3 என்றால் இம்ப்ளிசிட் நல், ஐபிவி4இல் 0 என்றால் எக்ஸ்ப்ளிசிட் நல். இவற்றைப் பிறகு பார்ப்போம்.

எந்த நிறுவனத்தின் பெட்டி என்பதை லேபிள் எண்ணைப் பார்த்தே ஓரளவு ஊகிக்கலாம். சிஸ்கோ ஐஓஎஸ் 16இலிருந்து எண்ணத் தொடங்கும். ஐஓஎஸ் எக்ஸ்ஆரின் புதிய பதிப்புகளில் 24000இலிருந்து வரும். ஜூனிப்பரில் 299776இல் ஆரம்பித்து மேலே போகும். பல நிறுவனப் பெட்டிகள் கலந்த நெட்வொர்க்கில் டிரேஸ்ரூட் பார்க்கும்போது இது கை கொடுக்கும்.

இந்தத் தொழில்நுட்பம் 1996இல் சிஸ்கோ வெளியிட்ட டேக் ஸ்விட்சிங் முதலான சில முயற்சிகளிலிருந்து வளர்ந்தது. 2001 ஜனவரியில் ஆர்எஃப்சி 3031 அதன் கட்டமைப்பையும், 3036 லேபிள்களைப் பரப்பும் எல்டிபி நெறிமுறையையும் வரையறுத்தன. எல்டிபிக்கு இன்று செல்லுபடியாவது 2007இல் வந்த ஆர்எஃப்சி 5036. பழைய பெட்டியின் திரையில் அன்டேக்டு என்று கண்டால் மிரள வேண்டாம். அது டேக் காலத்து மிச்சம், இப்போது அதையே நோ லேபிள் என்கிறார்கள்.

நம் மாதிரி நெட்வொர்க்

ஐந்து ரவுட்டர்கள். ஓரங்களில் பிஇ1, பிஇ2. நடுவில் பி1, பி2, பி3. முதன்மைப் பாதை பிஇ1, பி1, பி2, பிஇ2 என்று நேராகப் போகிறது. பி1க்கும் பிஇ2க்கும் நடுவே பி3 வழியாக ஒரு மாற்றுப் பாதை. அதன் காஸ்ட் அதிகம். லூப்பேக் முகவரிகள்: பிஇ1 10.255.0.1, பி1 10.255.0.2, பி2 10.255.0.3, பி3 10.255.0.4, பிஇ2 10.255.0.5. எல்லாம் /32. ரூட்டிங் ஓஎஸ்பிஎஃப், லேபிள் பரப்புவது எல்டிபி, பெட்டிகள் சிஸ்கோ ஐஓஎஸ். கையில் ஒரு சிமுலேட்டர் இருந்தால் இதை அப்படியே கட்டிவைத்துக்கொண்டு மேலே படியுங்கள். இந்த அத்தியாயத்தைப் படித்து மட்டும் புரிந்துகொள்வது கடினம், தட்டிப் பார்த்தால் சுலபம்.

எல்டிபி இரண்டு கட்டமாகப் பேசுகிறது. முதலில் ஒவ்வொரு இன்டர்ஃபேஸிலும் 224.0.0.2 என்ற மல்டிகாஸ்ட் முகவரிக்கு, யுடிபி 646இல், 5 விநாடிக்கு ஒருமுறை ஹலோ. 15 விநாடி ஹலோ வராவிட்டால் அண்டை போய்விட்டதாகக் கணக்கு. ஹலோவில் ஒருவரையொருவர் கண்டுகொண்டபின், லூப்பேக் முகவரிகளுக்கு இடையே டிசிபி 646இல் செஷன். யாருடைய முகவரி பெரியதோ அவர் இணைப்பைத் தொடங்குவார். ஹலோ வந்துவிட்டது, செஷன் மட்டும் எழவில்லை என்றால் பத்துக்கு ஒன்பது முறை காரணம் எதிராளியின் லூப்பேக்குக்கு ரூட் இல்லாததுதான். ரவுட்டர் ஐடியை லூப்பேக்கில் நிலைநிறுத்தும் கட்டளையை (எம்பிஎல்எஸ் எல்டிபி ரவுட்டர்-ஐடி லூப்பேக்0 ஃபோர்ஸ்) முதல் நாளே எல்லாப் பெட்டிகளிலும் போட்டுவிடுவது நல்லது. போடாவிட்டால் பெட்டி தானாக வேறொரு முகவரியைத் தேர்ந்துகொள்ளக்கூடும், ஒரு மறுதுவக்கத்துக்குப் பிறகு அது மாறியும் இருக்கலாம்.

செஷன் எழுந்ததும் இரண்டு வகைச் செய்திகள் பாய்கின்றன. ஒன்று அட்ரஸ் செய்தி: "என் இன்டர்ஃபேஸ்களின் ஐபி முகவரிகள் இவை." மற்றது லேபிள் மேப்பிங்: "இந்த ப்ரிஃபிக்ஸுக்கு என் லேபிள் இது." முதல் செய்தியைப் பலர் கவனிப்பதே இல்லை. அது இல்லாவிட்டால் இரண்டாவதால் பயனே இல்லை என்பதைச் சற்று நேரத்தில் பார்ப்போம்.

ஐஓஎஸ் பெட்டி மூன்று குணங்களுடன் நடந்துகொள்கிறது. யாரும் கேட்காமலேயே எல்லா அண்டைகளுக்கும் லேபிளைச் சொல்கிறது. தனக்கு உதவாத அண்டை சொன்ன லேபிளையும் தூக்கி எறியாமல் வைத்துக்கொள்கிறது. அடுத்த ரவுட்டரிடமிருந்து லேபிள் வந்ததா என்று காத்திராமல் தன் லேபிளைத் தானே ஒதுக்கி அறிவித்துவிடுகிறது. ஜூனிப்பர் முதல் இரண்டிலும் ஒத்துப்போகிறது, மூன்றாவதில் மாறுகிறது. அங்கே சேருமிடத்து ரவுட்டர் முதலில் லேபிள் சொல்ல வேண்டும், பிறகுதான் அதற்கு முந்தையது சொல்லும், அப்படியே வரிசையாகப் பின்னோக்கி வரும்.

இந்த மூன்றாவது வேறுபாடு ஏட்டுச் சங்கதி போலத் தெரியும், ஆனால் பழுது தேடும்போது இதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஜூனிப்பரில் நடுவழியில் சங்கிலி அறுந்தால், தொடக்க ரவுட்டருக்கு லேபிளே வந்து சேராது. இநெட்.3 அட்டவணையைத் திறந்தவுடன் இல்லை என்பது தெரிந்துவிடும். ஐஓஎஸ்ஸில் நடுவழி அறுந்தாலும் தொடக்க ரவுட்டரிடம் அழகான ஒரு லேபிள் இருக்கும். பிஇ1இல் எல்லாம் சரியாகத் தெரியும், மூன்று ரவுட்டர் தாண்டி பாக்கெட் செத்துக் கிடக்கும். ஐஓஎஸ் நெட்வொர்க்கில் தொடக்க ரவுட்டரின் அட்டவணையை மட்டும் பார்த்துவிட்டு 'எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது' என்று சொல்லும் பொறியாளரை நம்பாதீர்கள்.

பி1இன் லிப்பைத் திறந்தால்

எல்லா வாக்குகளும் சேர்ந்து கிடக்கும் இடம் லிப், அதாவது லேபிள் தகவல் தளம். பி1இல் ஷோ எம்பிஎல்எஸ் எல்டிபி பைண்டிங்ஸ் என்று கேட்டு, பிஇ2இன் லூப்பேக்கைத் தேடினால் இப்படி வரும். திரையின் வரிகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன்:

லிப் என்ட்ரி: 10.255.0.5/32
லோக்கல் பைண்டிங்: லேபிள்: 22
ரிமோட் பைண்டிங்: எல்எஸ்ஆர்: 10.255.0.1:0, லேபிள்: 19
ரிமோட் பைண்டிங்: எல்எஸ்ஆர்: 10.255.0.3:0, லேபிள்: 24
ரிமோட் பைண்டிங்: எல்எஸ்ஆர்: 10.255.0.4:0, லேபிள்: 31

லோக்கல் பைண்டிங் என்பது பி1 மற்றவர்களுக்குச் சொன்னது. "10.255.0.5க்குப் போவதை 22 ஒட்டி எனக்குத் தாருங்கள்." இதை பிஇ1, பி2, பி3 மூவருக்கும் ஒரே எண்ணாகவே சொல்லியிருக்கிறது. முகவரிக்குப் பின்னால் வரும் :0 அதைத்தான் குறிக்கிறது: இந்த ரவுட்டரில் லேபிள்கள் பெட்டி முழுவதற்கும் பொது, இன்டர்ஃபேஸுக்கு ஒன்றாகப் பிரிக்கவில்லை.

ரிமோட் பைண்டிங்குகள் மற்றவர்கள் பி1க்குச் சொன்னவை. பி2 '24 ஒட்டித் தா' என்றது, பி3 '31 ஒட்டித் தா' என்றது. இதெல்லாம் புரிகிறது. ஆனால் பிஇ1 எதற்காக 19 என்று சொல்கிறது? பிஇ2க்குப் போக பி1 ஒருபோதும் பிஇ1 பக்கம் திரும்பப்போவதில்லையே! இங்கேதான் பலருக்குக் குழப்பம். பிஇ1 அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. தன்னிடம் அந்த ப்ரிஃபிக்ஸுக்கு ரூட் இருக்கிறது, அதனால் ஒரு லேபிள் ஒதுக்கியது, அண்டைகள் எல்லாருக்கும் சொன்னது. ரூட்டிங் நெறிமுறைகளில் சிலவற்றில், கற்றுக்கொண்ட திசையிலேயே திருப்பிச் சொல்லக் கூடாது என்று ஒரு விதி உண்டு. எல்டிபியில் அந்த விதி இல்லை. தேவையும் இல்லை. எந்த வாக்கைப் பயன்படுத்துவது என்ற முடிவை எல்டிபி எடுப்பதே கிடையாது, ரூட்டிங் எடுக்கிறது.

அந்த முடிவு எப்படி நடக்கிறது என்பதைப் படிப்படியாகப் பாருங்கள். பி1இன் ரூட்டிங் அட்டவணை சொல்கிறது: 10.255.0.5/32க்கு அடுத்த ஹாப் 10.1.23.3. இது பி2வின் இன்டர்ஃபேஸ் முகவரி. லிப்பிலோ இன்டர்ஃபேஸ் முகவரிகள் எதுவும் இல்லை, எல்டிபி ஐடிகள்தான் இருக்கின்றன: 10.255.0.3:0, 10.255.0.4:0 என்று. 10.1.23.3 இவர்களில் யாருடையது? இதற்குத்தான் முன்பு சொன்ன அட்ரஸ் செய்தி. ஷோ எம்பிஎல்எஸ் எல்டிபி நெய்பர் என்று கேட்டால் ஒவ்வொரு அண்டைக்கும் கீழே அதன் முகவரிகள் பட்டியலாக வரும். 10.255.0.3இன் பட்டியலில் 10.1.23.3 இருக்கிறது. ஆகவே அடுத்த ஹாப் பி2, ஆகவே 24 என்ற வாக்கே இப்போது செல்லுபடியாகும். மற்ற இரண்டும் லிப்பில் சும்மா உட்கார்ந்திருக்கும்.

எது பயன்பாட்டில் இருக்கிறது என்பதை ஒரே பார்வையில் காண ஷோ எம்பிஎல்எஸ் ஐபி பைண்டிங் என்ற கட்டளை வசதியானது. அதில் தேர்ந்தெடுத்த லேபிளுக்குப் பக்கத்தில் இன்யூஸ் என்று போட்டிருக்கும். லிப்பைவிட இதையே நான் முதலில் திறப்பேன்.

வாக்கிலிருந்து வேலைக்கு

தேர்வு முடிந்ததும் அது எல்ஃபிப் என்னும் முன்செலுத்தும் அட்டவணையில் ஏறுகிறது. பாக்கெட் வரும்போது உண்மையில் பார்க்கப்படுவது இது மட்டுமே. ஷோ எம்பிஎல்எஸ் ஃபார்வர்டிங்-டேபிள் தட்டினால் பி1இல் வரி இப்படி இருக்கும்: உள்வரும் லேபிள் 22, வெளிச்செல்லும் லேபிள் 24, ப்ரிஃபிக்ஸ் 10.255.0.5/32, அடுத்த ஹாப் 10.1.23.3. 22 என்பது நான் கொடுத்த வாக்கு, 24 என்பது எனக்குக் கிடைத்த வாக்கு. எல்ஃபிப்பின் ஒவ்வொரு வரியும் இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டு வைத்திருப்பதுதான்.

பாதை முழுவதையும் படிக்க வேண்டுமானால் சேருமிடத்திலிருந்து பின்னோக்கி நடங்கள். வாக்குகள் பிறந்து வரும் திசை அதுதான். பிஇ2 தன் லூப்பேக்குக்கு இம்ப்-நல் என்று பி2விடம் சொன்னது. பி2 பி1இடம் 24 என்றது. பி1 பிஇ1இடம் 22 என்றது. இப்போது பாக்கெட்டின் பயணத்தை முன்னோக்கிப் பாருங்கள்: பிஇ1 22 ஒட்டி அனுப்புகிறது, பி1 அதை 24ஆக மாற்றுகிறது, பி2 லேபிளைக் கழற்றிவிட்டு வெறும் பாக்கெட்டாக பிஇ2விடம் தருகிறது. எல்ஃபிப்பில் பி2வின் வெளிச்செல்லும் இடத்தில் பாப் லேபிள் என்று இருக்கும்.

கடைசிக்கு முந்தைய ரவுட்டரிலேயே ஏன் கழற்ற வேண்டும்? பிஇ2விடம் லேபிளோடு வந்தால் அது எல்ஃபிப்பில் ஒருமுறை தேடி, 'இது எனக்குத்தான்' என்று கண்டு, லேபிளைக் கழற்றி, உள்ளே இருப்பதை மறுபடி ஒருமுறை தேட வேண்டும். இரண்டு தேடல். பி2 முன்பே கழற்றிவிட்டால் ஒரே தேடலோடு முடியும். அதற்காக பிஇ2 சொல்லும் சிறப்பு எண்தான் 3, அதாவது இம்ப்ளிசிட் நல். இந்த 3 எந்தப் பாக்கெட்டிலும் ஒட்டப்படுவதில்லை, அறிவிப்பில் மட்டும் வாழும் எண். ஒரு சங்கடம் உண்டு. லேபிளோடு அதன் 3 பிட் வகைக் குறியும் போய்விடுகிறது. கடைசி லிங்கிலும் அந்தக் குறியை வைத்து முன்னுரிமை பார்ப்பவர்கள் எக்ஸ்ப்ளிசிட் நல்லைக் கேட்டு அமைத்துக்கொள்வார்கள். அப்போது 0 என்ற லேபிள் ஒட்டியபடியே பாக்கெட் கடைசிவரை வரும்.

பாப் லேபிளும் நோ லேபிளும்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

எல்ஃபிப்பில் வெளிச்செல்லும் இடத்தில் எண்ணுக்குப் பதில் இரண்டு சொற்கள் வரலாம். பாப் லேபிள் ஒன்று, நோ லேபிள் மற்றொன்று. இரண்டிலும் லேபிள் போய்விடுகிறது என்பதால் இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் ஏராளம். முதலாவதில் அடுத்த ரவுட்டர் 'எனக்கு மேல்லேபிள் வேண்டாம்' என்று வாக்குக் கொடுத்திருக்கிறது. இரண்டாவதில் அடுத்த ரவுட்டர் எந்த வாக்கும் கொடுக்கவில்லை.

ஓர் உதாரணம். பிஇ2இன் லூப்பேக்கில் யாரோ /32க்குப் பதிலாக /24 என்று முகமூடி போட்டுவிட்டார்கள். ஓஎஸ்பிஎஃப், லூப்பேக் இன்டர்ஃபேஸை எந்த முகமூடி இருந்தாலும் /32 என்றே அறிவிக்கும், அதன் இயல்பு அது. எனவே மற்ற எல்லா ரவுட்டர்களிலும் 10.255.0.5/32 என்று ரூட் இருக்கிறது. ஆனால் பிஇ2 தன்னோடு நேரடியாக இணைந்த 10.255.0.0/24க்குத்தான் இம்ப்-நல் அறிவிக்கிறது. பி2 தன் /32க்குப் பொருத்தமான வாக்கைத் தேடுகிறது. பிஇ2 சொன்னதோ /24க்கு. எல்டிபி ப்ரிஃபிக்ஸைத் துல்லியமாகப் பொருத்திப் பார்க்கும், 'ஏறக்குறைய' என்பது அதன் அகராதியில் இல்லை. விளைவு, பி2வில் 10.255.0.5/32க்கு நோ லேபிள்.

இதன் அறிகுறிகள்தான் வேடிக்கை. பிஇ1இன் லூப்பேக்கிலிருந்து பிஇ2இன் லூப்பேக்குக்கு பிங் போகிறது, ஒரு பாக்கெட்கூட விழவில்லை. பிஜிபி செஷன் எழுந்து நிற்கிறது. விபிஎன் ரூட்கள் வந்து சேர்ந்திருக்கின்றன. ஆனால் வாடிக்கையாளரின் விபிஎன் டிராஃபிக் மட்டும் போகவில்லை. ஏன்? சாதாரண பிங் பாக்கெட்டில் பி2 லேபிளைக் கழற்றினால் உள்ளே ஐபி தலைப்பு இருக்கிறது, அதை வைத்து அனுப்பிவிடும். விபிஎன் பாக்கெட்டில் வெளி லேபிளுக்குக் கீழே பிஇ2 மட்டுமே அறிந்த இன்னொரு லேபிள் இருக்கிறது. வெளி லேபிளைக் கழற்றி அப்படியே அனுப்பு என்று பிஇ2 வாக்குத் தரவில்லை, உள்ளே இருப்பதை ஐபியாகவும் எடுத்துக்கொள்ள முடியாது. பாக்கெட் அங்கேயே கீழே விழுகிறது.

'பிங் போகிறது, விபிஎன் போகவில்லை' என்று யாராவது சொன்னால், பிஜிபியையும் விஆர்எஃப்பையும் குடைவதற்கு முன், கடைசிக்கு முந்தைய ரவுட்டரில் ஏறி ஒரு வரி பாருங்கள். நோ லேபிள் இருந்தால் தேடல் முடிந்தது. தீர்வு லூப்பேக்கை /32 ஆக்குவது. ஓஎஸ்பிஎஃப்பில் அந்த லூப்பேக்கைப் பாயின்ட்-டு-பாயின்ட் வகையாக்கி /24ஆகவே அறிவிக்கச் செய்வது இன்னொரு வழி. வேலை செய்யும், ஆனால் அடுத்து வருபவருக்குப் புதிர் வைப்பதாகும். /32 ஆக்கிவிடுங்கள்.

இதே நோய்க்கு இன்னொரு முகம் ரூட் சுருக்கம். ஏரியா எல்லையில் இருக்கும் ரவுட்டர் /32களை எல்லாம் ஒரே /24ஆகச் சுருக்கி அறிவித்தால், எல்லைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களின் லேபிள் பாதை அந்த எல்லை ரவுட்டரோடு முடிந்துவிடும். அதற்கப்பால் விபிஎன் லேபிளை வைத்துக்கொண்டு அது என்ன செய்யும்? நீண்ட பொருத்தத்தையும் ஏற்கும் எல்டிபி நீட்சி ஒன்று 2008இல் ஆர்எஃப்சி 5283ஆக வந்தது. ஆனாலும் பிஇ லூப்பேக்குகளைச் சுருக்காமல் விடுவதே வழக்கம்.

லிங்க் அறுந்தால், திரும்பினால்

பி1க்கும் பி2வுக்கும் இடையே உள்ள கம்பி அறுந்தது என்று வையுங்கள். ஓஎஸ்பிஎஃப் கணக்கிட்டு, அடுத்த ஹாப் பி3 என்று முடிவு செய்கிறது. பி1 புதிதாக யாரிடமும் லேபிள் கேட்க வேண்டியதில்லை. சும்மா உட்கார்ந்திருந்த 31 இப்போது வேலைக்கு வருகிறது. எல்ஃபிப்பில் 22க்கு எதிரே 24 போய் 31 ஏறுகிறது. பி1 கொடுத்த வாக்கான 22 மாறவே இல்லை, ஆகவே பிஇ1க்கு ஒன்றுமே நடந்ததாகத் தெரியாது. உதவாத வாக்குகளையும் சேர்த்து வைப்பதன் பயன் இதுதான். கொஞ்சம் நினைவகம் செலவாகிறது, பதிலுக்கு ஓஎஸ்பிஎஃப்பின் வேகத்திலேயே மாற்றம் நடந்துவிடுகிறது.

ஆபத்து கம்பி அறுந்ததில் இல்லை, ஒட்டிய பிறகு இருக்கிறது. லிங்க் திரும்பியதும் ஓஎஸ்பிஎஃப் அண்டைமை விரைவில் எழுந்து, பாதை மீண்டும் பி2 பக்கம் திரும்பிவிடும். எல்டிபி ஹலோ, டிசிபி, செஷன், லேபிள் பரிமாற்றம் எல்லாம் முடிய இன்னும் சில விநாடிகள் ஆகும். அந்த இடைவெளியில் பி1இல் வெளிச்செல்லும் லேபிள் என்ன? நோ லேபிள். விபிஎன் டிராஃபிக் மொத்தமும் அந்த நேரம் விழும். கம்பி அறுந்தபோது யாரும் புகார் செய்யவில்லை, சரிசெய்தபோது செய்தார்கள் என்ற விசித்திரத்துக்கு இதுவே காரணம்.

இதற்கு மருந்து எல்டிபி-ஐஜிபி ஒத்திசைவு. 2009இன் ஆர்எஃப்சி 5443 இதை விவரிக்கிறது. எல்டிபி தயாராகும் வரை ஓஎஸ்பிஎஃப் அந்த லிங்க்கை உச்சபட்ச காஸ்ட்டில், 65535இல், அறிவிக்கும். டிராஃபிக் பழைய பாதையிலேயே ஓடும். சிஸ்கோவில் ஓஎஸ்பிஎஃப் அமைப்பின் கீழ் எம்பிஎல்எஸ் எல்டிபி சின்க் என்ற ஒரு வரி. அதைப் போடாத முதுகெலும்பு நெட்வொர்க்கை நான் முழுமையானதாகக் கருதுவதில்லை.

யாருக்கு லேபிள் கிடையாது

ஐஓஎஸ் தன் ரூட்டிங் அட்டவணையில் உள்ள ஐஜிபி ரூட்கள், நேரடி இணைப்புகள், ஸ்டாட்டிக் ரூட்கள் எல்லாவற்றுக்கும் எல்டிபி லேபிள் ஒதுக்கும். பிஜிபியில் கற்ற ரூட்களுக்கு ஒதுக்காது. இது குறையல்ல. இந்த வடிவமைப்பின் உயிர்நாடியே இதுதான். இணையத்தின் லட்சக்கணக்கான ரூட்களுக்கும் அடுத்த ஹாப் ஏதோ ஒரு பிஇ லூப்பேக். அந்த லூப்பேக்குக்கு உரிய லேபிளை ஒட்டினால் போதும், நடுவில் உள்ள பி ரவுட்டர்களுக்கு அந்த ரூட்கள் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. விபிஎன் வாடிக்கையாளரின் ரூட்டுக்கான உள் லேபிளும் ஒரு பிணைப்புதான். ஆனால் அந்த வாக்கை பிஇ2 நேரே பிஇ1க்குப் பிஜிபி மூலம் கொடுக்கிறது, எல்டிபி அதில் கலந்துகொள்வதில்லை. லிப்பில் அதைத் தேடிக் காணவில்லை என்று பதறாதீர்கள்.

மறுபக்கம், ஐஓஎஸ் தேவையில்லாதவற்றுக்கும் லேபிள் ஒதுக்குகிறது. இரண்டு ரவுட்டர்களுக்கு நடுவே உள்ள /30 லிங்க்குகளுக்கு லேபிள் யாருக்கு வேண்டும்? லூப்பேக்குகளுக்கு மட்டும் போதும் என்றால் இரண்டு இடங்களில் பூட்டலாம். அறிவிப்பைக் கட்டுப்படுத்துவது ஒன்று: எம்பிஎல்எஸ் எல்டிபி அட்வர்டைஸ்-லேபிள்ஸ் ஃபார் என்று ஓர் அக்சஸ்-லிஸ்ட்டைச் சுட்டும் கட்டளை. இதற்கு முன் அதே கட்டளையின் பொது வடிவத்தை நோ போட்டு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தாவிட்டால் வடிகட்டி எழுதியும் எல்லா லேபிளும் வழக்கம்போல் வெளியே போகும். இதில் லேபிள்கள் ஒதுக்கப்படுவது நிற்காது, சொல்லப்படுவதுதான் நிற்கும். ஒதுக்கீட்டையே நிறுத்துவது இரண்டாவது வழி: எம்பிஎல்எஸ் எல்டிபி லேபிள் என்ற பகுதிக்குள் அலொகேட் குளோபல் ஹோஸ்ட்-ரூட்ஸ். /32களுக்கு மட்டும் லேபிள் பிறக்கும், லிப் சட்டென்று படிக்கத் தகுந்த அளவுக்குச் சுருங்கும். ஒரு வரியில் வேலை முடிவதால் எனக்கு இதுவே பிடிக்கும். இதைப் போடுமுன் /24 லூப்பேக் எங்கும் ஒளிந்திருக்கவில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

சங்கிலியைத் தட்டிப் பார்க்க

சாதாரண பிங் லேபிள் பாதையைச் சோதிப்பதில்லை என்பதை மேலே பார்த்தோம். லேபிள் அறுந்தாலும் ஐபியாகப் போய்ச் சேர்ந்து நம்மை ஏமாற்றிவிடும். பிங் எம்பிஎல்எஸ் ஐபிவி4 10.255.0.5/32 என்ற கட்டளை ஏமாறாது. அது அனுப்பும் பாக்கெட்டின் சேருமிட முகவரி 127ஆல் தொடங்கும். நடுவழியில் லேபிள் கழன்றுபோனால், அந்த முகவரிக்கு எந்த ரவுட்டரும் ஐபி வழியில் அனுப்பாது, ஆகவே அறுந்த இடம் அம்பலமாகிவிடும். ஆர்எஃப்சி 4379 இதை 2006இல் வரையறுத்தது, இப்போது அதன் இடத்தில் 2017இன் 8029 இருக்கிறது. டிரேஸ்ரூட் எம்பிஎல்எஸ் என்று போட்டால் ஒவ்வொரு ஹாப்பும் எந்த லேபிளோடு வந்தது என்பதையும் காட்டும். அந்த எண்களை ஒவ்வொரு ரவுட்டரின் எல்ஃபிப்போடும் ஒத்துப் பாருங்கள்.

எல்லாம் பொருந்தியும் வாடிக்கையாளர் 'சின்னக் கோப்பு போகிறது, பெரிய கோப்பு போகவில்லை' என்றால் பிணைப்புகளை விட்டுவிட்டு எம்டியுவைப் பாருங்கள். ஒரு லேபிளுக்கு 4 பைட். விபிஎன் பாக்கெட்டில் இரண்டு லேபிள் என்றால் 1500 பைட் 1508 ஆகிறது. நடுவில் உள்ள ஏதாவதொரு லேயர்-2 ஸ்விட்ச் 1500க்கு மேல் விடாது என்றால் பெரிய பாக்கெட்டுகள் மட்டும் சத்தமின்றி மறையும். பிங் எம்பிஎல்எஸ்ஸில் அளவைக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போனால் எந்த அளவில் நிற்கிறது என்பது தெரிந்துவிடும்.